கூடும் இடம் யார் கையில்? மெய்நிகர் உலகங்களும் மக்கள் ஒன்றுகூடலும்

கேள்வியின் வயது

மனிதர்கள் ஒன்றுகூட, உடலோடு ஓரிடத்துக்கு வந்தே தீரவேண்டுமா? ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, கணினிக்குள் அமைந்த ஒரு வெளியில் அவதார் உருவில் சந்திப்பவர்களைக் கூடியவர்கள் என்று ஏற்கலாமா? ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபர் 28 அன்று மெட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டதை ஒட்டி இந்தக் கேள்வி நாளிதழ்களில் பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் கேள்வி அதைவிட மூத்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும், பலர் ஒரே நேரத்தில் உலவக்கூடிய, எழுத்துகளால் மட்டுமே ஆன உலகம் ஒன்றை 1978இல் கட்டத் தொடங்கினார்கள். 1980களின் நடுவில் லூகாஸ்ஃபிலிம் உருவாக்கிய ஹாபிடாட்டில் பயனர்கள் படவடிவில் நடமாடினார்கள். மெட்டாவெர்ஸ் என்ற பெயரே நீல் ஸ்டீஃபன்சன் 1992இல் வெளியிட்ட நாவலிலிருந்து வந்தது. ஆக, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலரும் இதற்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கிருந்து கிளம்பியது, எங்கே வலுவிழக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

இதை எடைபோட ஜார்ஜ்டவுன் ஏற்ற ஊர். பினாங்குத் தீவு விழாக்களின் மண். தைப்பூசமும் சீனர்களின் திருவிழாக்களும் அதன் வீதிகளில்தான் நடக்கின்றன. 2008இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது, பழைய கட்டடங்களோடு அங்கே தொடர்ந்து வாழும் பண்பாடுகளும் கணக்கில் கொள்ளப்பட்டன. அதே தீவில் 1972 முதல் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் மின்னணுத் தொழிலை வளர்த்திருக்கிறது. 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாநாடுகளை ஈர்ப்பதற்கென்றே 2016இல் மாநில அளவில் ஓர் அமைப்பு ஏற்பட்டிருக்கிறது. வீதியில் கூடும் மரபும், மாநாட்டு மண்டபத் தொழிலும், கணினிக்கு உறுப்பு செய்யும் தொழிற்சாலையும் சில கிலோமீட்டர்களுக்குள் அடங்கும் இந்த ஊரை மனத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: உடல் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் நாம் செலவிட்ட கவனத்தில் பாதியைக்கூட, கூடும் இடம் யாருடைய கையில் இருக்கிறது என்ற வினாவுக்குச் செலவிடவில்லை. ஒன்றுகூடலின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்த இரண்டாவது வினாவுக்கே கூடுதல் பங்கு இருப்பதாகத் தோன்றுகிறது.

உடல் வேண்டும் என்போர்

முதல் நிலைப்பாட்டின் வேர் சமூகவியலில் இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட நூலில், சமயச் சடங்குகளில் மக்கள் நெருங்கிக் கூடும்போது தனிமனிதரிடம் இல்லாத ஓர் எழுச்சி பிறக்கிறது என்றும், சமூகம் தன்னைத் தானே உணர்வது அந்தத் தருணத்தில்தான் என்றும் வாதிட்டார். அமெரிக்கரான ராண்டல் காலின்ஸ் 2004இல் அதை விரித்து, வெற்றிகரமான ஒன்றுகூடலுக்கு நான்கு தேவைகளை வகுத்தார்: உடல்கள் ஒரே இடத்தில் இருப்பது, உள்ளே இருப்பவர் யார் வெளியே இருப்பவர் யார் என்ற எல்லை, அனைவர் கவனமும் ஒன்றில் குவிவது, பொதுவான மனநிலை. மெய்யியலாளர் ஹியூபர்ட் டிரைஃபஸ் 2001இல் வேறு வழியாக ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். உடலுக்கு நேரக்கூடிய ஆபத்து இல்லாத இடத்தில் உண்மையான ஈடுபாடும் வளராது என்பது அவர் கருத்து. மாநாடுகளைப் பற்றிப் பேசியவர்கள், திட்டமிட்ட உரைகளைவிட இடைவேளைத் தேநீரின்போது நிகழும் எதிர்பாராச் சந்திப்புகளே பெரும்பயன் தருபவை என்று இதோடு சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த நிலைப்பாட்டின் வலிமையைப் பினாங்குத் தைப்பூசத்தில் கண்கூடாகக் காணலாம். தைப்பூசத்துக்கு முந்தைய நாளான செட்டிப்பூசத்தன்று லிட்டில் இந்தியாவின் கோவில் வீட்டிலிருந்து கிளம்பும் வெள்ளித் தேர், தண்ணீர்மலையை அடைய ஒரு பகலையே எடுத்துக்கொள்கிறது. வழிநெடுகத் தேங்காய்க் குவியல்கள். தேர் நெருங்கும்போது தமிழரும் சீனரும் அவற்றைச் சாலையில் உடைக்கிறார்கள். ஓடும் இளநீரில் கால் நனையாமல் அந்தத் தெருவைக் கடக்க முடியாது. தண்ணீர்ப் பந்தல்களில் முன்பின் தெரியாதவருக்கு உணவு பரிமாறப்படுகிறது. விரதமிருந்த உடல், காவடியின் பாரம், ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஆகியவை சேர்ந்ததே நேர்த்திக்கடன். அதில் உடலை நீக்கிவிட்டால் மிச்சம் என்று சொல்ல அதிகமில்லை. 2021 ஜனவரி 28 அன்று, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, பினாங்கில் தேர் ஊர்வலமும் காவடியும் இல்லாமல் போயின. வீட்டுப் பூசையும் திரையில் காணும் வழிபாடும் அன்று ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் தடை நீங்கியதும் மக்கள் பெருந்திரளாக வீதிக்குத் திரும்பியதே எதை எதற்கு ஈடாக ஏற்கவில்லை என்பதற்குச் சான்று.

இருப்பினும் இந்த நிலைப்பாட்டில் ஒரு பலவீனம் உண்டு. சடங்குக்குப் பொருந்துவதை எல்லா வகைக் கூடலுக்கும் அது நீட்டிவிடுகிறது. ஆய்வுக் கட்டுரை வாசிப்பதும் காவடி எடுப்பதும் ஒரே வகைச் செயல்கள் என்று கொள்ளக் காரணமில்லை. மேலும், வரமுடிந்தவர்களின் அனுபவத்தை வைத்தே அது பேசுகிறது. விசா கிடைக்காதவர், பயணச் செலவுக்கு வழியில்லாதவர், கைக்குழந்தையை விட்டுவர முடியாதவர், படியேற இயலாதவர் ஆகியோர் அந்த எழுச்சிக்கு எப்போதும் வெளியேதான் நின்றிருக்கிறார்கள்.

மெய்நிகரும் மெய்யே என்போர்

எதிர்நிலைப்பாடு தொடக்ககால இணையப் பயனர்களிடம் பிறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1985இல் தொடங்கிய வெல் என்னும் இணையக் குழுவில் பங்கேற்ற ஹோவர்ட் ரைன்கோல்ட், திரைவழியே பழகியவர்கள் நோயிலும் துக்கத்திலும் ஒருவருக்கொருவர் துணைநின்றதை 1993இல் நூலாக எழுதினார். அதே ஆண்டில் இதழாளர் ஜூலியன் டிபெல், லாம்ப்டாமூ என்ற எழுத்துலகில் நடந்த பாலியல் அத்துமீறலைப் பற்றி எழுதிய கட்டுரை, அங்கே யாருடைய உடலும் தீண்டப்படாதபோதும் காயம் உண்மையானது என்று உலகுக்குக் காட்டியது. மானிடவியலாளர் டாம் போல்ஸ்டார்ஃப் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில் இரண்டாண்டுகளுக்கு மேல் களப்பணி செய்து 2008இல் வெளியிட்ட நூலில், அவ்வுலகை வெளியுலகின் நிழலாகக் கருதாமல் தனிப் பண்பாடாகவே ஆராய வேண்டும் என்றார். டேவிட் சால்மர்ஸ் 2022இல் மெய்யியல் அடிப்படையில் இதை இன்னும் உறுதியாகச் சொன்னார்: மெய்நிகர் வெளியில் நடப்பவை உண்மையாகவே நடப்பவை.

தமிழகத்தில் இதற்கொரு நெகிழ்ச்சியான எடுத்துக்காட்டு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் 2022 பிப்ரவரி 6 அன்று, பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில், ஒரு திருமணம் நடந்தது. தாலி கட்டியது ஊரில், உற்றார் முன்னிலையில். வரவேற்பு மட்டும் மெட்டாவெர்ஸில் நடந்தது. மறைந்துபோன மணமகளின் தந்தைக்கு அவதார் உருவம் கொடுத்து அந்த வரவேற்பில் இடம்பெறச் செய்திருந்தார்கள். எந்த மண்டபத்திலும் செய்ய முடியாத ஒன்று அது. அதே சமயம், அக்குடும்பங்கள் எதை ஊரில் வைத்துக்கொண்டு எதைத் திரைக்கு மாற்றினார்கள் என்ற பிரிவினை கவனிக்கத்தக்கது. இரண்டும் ஒன்றே என்று அவர்கள் நினைத்திருந்தால் அப்படிப் பிரித்திருக்க மாட்டார்கள்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் விளம்பர வடிவத்தில் வெளிப்படுகிறது. ஃபோர்ட்நைட் விளையாட்டில் 2020 ஏப்ரலில் நடந்த டிராவிஸ் ஸ்காட் இசை நிகழ்ச்சியில் 1.23 கோடிப் பேர் ஒரே நேரத்தில் கலந்துகொண்டதாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அவர்கள் சுமார் ஐம்பது ஐம்பது பேராகத் தனித்தனிப் பிரதிகளில் அடைக்கப்பட்டிருந்தார்கள். தன் பிரதிக்கு வெளியே இருந்த எவரையும் யாரும் பார்த்திருக்க முடியாது. செகண்ட் லைஃபிலும் ஒரு நிலப்பகுதி ஏறத்தாழ நூறு அவதார்களுக்கு மேல் தாங்காது. அதனால்தான் அங்கே மாநாடு நடத்துபவர்கள் நான்கு நிலப்பகுதிகள் சந்திக்கும் மூலையில் மேடை அமைத்து, நாற்புறமும் பார்வையாளர்களை அமர்த்தி, நானூறு பேர் வரை ஒரே பேச்சாளரைக் காணும்படி செய்தார்கள். மெய்நிகர் வெளிக்கு எல்லையே இல்லை என்ற பேச்சுக்கும் நடைமுறைக்கும் இடையிலான தொலைவை இந்த ஏற்பாடு காட்டுகிறது. கட்டினால் மக்கள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் பொய்த்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் வெளிநாட்டு உதவித் துறை 3,87,000 யூரோ செலவில் அமைத்த மெய்நிகர் வெளியில் 2022 நவம்பரில் இளைஞர்களுக்காக ஒரு விருந்து வைத்தது. தொடக்கத்தில் வந்திருந்தவர்கள் ஐந்தாறு பேரே என்று அங்கே சென்ற செய்தியாளர் எழுதினார்.

மெய்நிகர் ஆர்வலர்கள் எங்கே கூடினார்கள்?

கருத்துகளை விட்டு நடத்தையைப் பார்த்தால் சித்திரம் இன்னும் தெளிவாகிறது. புரூஸ் டேமரும் அவரது கூட்டாளிகளும் 1996இல் அவதார்களைப் பற்றிய மாநாட்டைச் சான் ஃபிரான்சிஸ்கோவில் நேரில் நடத்தினார்கள்; 1998 நவம்பரில் அதே வரிசை மாநாட்டை ஆக்டிவ் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகுக்குள்ளேயே நடத்திக் காட்டினார்கள். அப்படியானால் அதன்பின் எல்லாமே உள்ளே நகர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நடக்கவில்லை. செகண்ட் லைஃப் பயனர்கள் 2005இல் நியூயார்க்கில் நேரில் கூடினார்கள். 2011இல் ஓக்லண்டில் நடந்தது வரை ஆண்டுதோறும் ஏதாவதொரு அமெரிக்க நகரின் விடுதியில் அவர்களின் மாநாடு தொடர்ந்தது. மெய்நிகர் உலகங்களின் சட்டச் சிக்கல்களைப் பேச 2003இல் நியூயார்க்கில் தொடங்கிய மாநாட்டு வரிசை 2007இல் சிங்கப்பூருக்கு வந்தது. இன்னொரு பக்கம், செகண்ட் லைஃபைக் கல்விக்குப் பயன்படுத்திய ஆசிரியர்கள் 2007 முதல் அந்த உலகுக்குள்ளேயே மாநாடு நடத்தி வந்தார்கள். திறந்த மூல மென்பொருளான ஓப்பன்சிமுலேட்டரின் பயனர்கள் 2013 முதல் தங்கள் சொந்தத் தளத்திலேயே ஆண்டு மாநாடு கூட்டுகிறார்கள்.

இவர்கள் முரண்பட்டு நடந்துகொண்டார்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். ஒன்றுகூடல் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேலைகள் நடக்கின்றன என்று கொண்டால் முரண் விலகுகிறது. அறிந்ததைப் பலருக்குச் சொல்வது முதல் வேலை. தெரியாதவரோடு பழகிப் புதிய உறவையும் புதிய எண்ணத்தையும் உண்டாக்குவது இரண்டாவது. ஒரு தீர்மானத்தையோ உறவையோ ஆண்டுதோறும் புதுப்பித்து நிலைக்கச் செய்வது மூன்றாவது. ஆசிரியர்களுக்கு முதல் வேலை முக்கியம்; அதை உள்ளேயே செய்தார்கள். ஏற்கெனவே தினமும் உள்ளே பேசிக்கொண்டிருந்த செகண்ட் லைஃப் பயனர்களுக்கு உறவை ஆழப்படுத்துவது முக்கியம். அதற்கு விமானம் ஏறினார்கள்.

தமிழ் இணையத்தின் சான்று

தமிழர்களுக்கு இந்த ஆராய்ச்சியில் சொந்தச் சான்று இருக்கிறது. தனிநாயகம் அடிகளின் முயற்சியால் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியபோது, கடல்கடந்த தமிழறிஞர்கள் சந்திக்க நேரில் வருவதைத் தவிர வேறு வழியில்லை. முப்பதாண்டுகளில் நிலை மாறியது. ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய தமிழ்.நெட் குழுவில், மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளின் துணையோடு, பல கண்டங்களிலிருந்தும் தமிழர்கள் தமிழிலேயே மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தம்முள் பெரும்பாலும் முகம் பார்த்திராத தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கியது. திஸ்கி எழுத்துக் குறியாக்கம் மின்னஞ்சல் விவாதங்களில்தான் உருவாகிச் செம்மைப்பட்டது. நேரில் கூடாமல் பெரும்பணி எதையும் செய்ய முடியாது என்ற வாதத்தை இந்த எடுத்துக்காட்டுகள் மறுக்கின்றன.

நேரில் கூடியதன் பயனும் அதே வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் நடந்த கருத்தரங்கைத் தொடர்ந்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைச் சிக்கலையும் குறியாக்கச் சிக்கலையும் நேரில் பேசித் தீர்க்க முயன்றது. அதே ஆண்டில் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. அதன் பின்னரும் திஸ்கியும் சென்னை மாநாட்டின் குறியாக்கங்களும் பல ஆண்டுகள் அருகருகே புழக்கத்தில் இருந்தன. ஆகவே மண்டபத்தில் கூடியதாலேயே ஒருமித்த முடிவு பிறந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அரசின் ஏற்பைப் பெற மண்டபம் உதவியது. உலகெங்கும் பயன்படுத்துவோரைச் சேர்க்க இணையம் உதவியது.

இரண்டையும் தாங்கி நின்றது வேறொன்று. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் பிறந்தது. அதன் மாநாடு 2001இல் கோலாலம்பூரிலும், பின்னர் அமெரிக்கா, ஜெர்மனி, கனடா என்று பல நாடுகளிலும் நடந்தது. 2020இல் முழுக்க இயங்கலைக்கு மாறியது. 2022 டிசம்பரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் நேரில் கூடியது. இடம் மாறியும், ஊடகம் மாறியும் மாநாடு நிலைத்ததற்குக் காரணம், அதை நடத்தும் அமைப்பு பங்கேற்பாளர்களுடையதாகவே இருந்ததுதான்.

பெருந்தொற்று தந்த சோதனை

2020 மார்ச் முதல் உலகமே இக்கேள்வியைச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. மெய்நிகர் தொழில்நுட்ப ஆய்வாளர்களின் ஐஇஇஇ விஆர் மாநாடு, அட்லாண்டாவில் நடப்பதற்குப் பதில் இணையத்துக்கு மாறி, ஒரு பகுதி மொசில்லா ஹப்ஸ் என்னும் முப்பரிமாண அறைகளில் நடந்தது. ஜார்ஜ்டவுன் விழாவும் அவ்வாண்டு இயங்கலையில் நடந்தது. பின்வந்த ஆய்வுகள் மூன்று வகைச் சான்றுகளைத் தருகின்றன. சூழலியல் கணக்கில், நேர்மாநாட்டை இணையவழிக்கு மாற்றினால் கரிம வெளியீடு 94 விழுக்காடு குறையும் என்று 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பங்கேற்பைப் பொறுத்தவரை, இணையவழி மாநாடுகளில் பெண்கள், மாணவர்கள், குறைந்த வருவாய் நாட்டவர் ஆகியோரின் பங்கு கூடியதாக 2022இல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டியில் வெளியான ஆய்வு கண்டது. எதிர்த்திசையில், அதே ஆண்டு நேச்சர் இதழில் மெலனி பிரக்ஸ், ஜொனாதன் லெவாவ் இருவரும் வெளியிட்ட சோதனை, காணொளியில் பேசிய இணைகள் நேரில் பேசியவர்களைவிடக் குறைவான புதிய யோசனைகளையே உருவாக்கியதைக் காட்டியது. ஆனால் கிடைத்த யோசனைகளில் எதைத் தேர்வது என்ற கட்டத்தில் காணொளி பின்தங்கியதற்குச் சான்றில்லை.

முன்னே சொன்ன மூன்று வேலைகளோடு இவை பெரிதும் பொருந்துகின்றன. அறிந்ததைச் சொல்லவும் ஆளெல்லையை விரிக்கவும் இணையம் வல்லது. புதியதைக் கண்டுபிடிக்கும் பேச்சில் அது தளர்கிறது. பினாங்கில் இரவு 8 மணிக்கு ஓர் இயங்கலைத் தமிழ்க் கருத்தரங்கு தொடங்கினால் சென்னையில் மாலை 5.30, கோடைகாலக் கணக்கில் லண்டனில் பகல் 1 மணி, டொராண்டோவில் காலை 8 மணி. நான்கு ஊர்களிலிருந்து சேரும் நால்வரும் விழித்திருக்கும் அந்த நேரத்தை எந்த விமானமும் தரமுடியாது. ஆனால் கூட்டம் முடிந்த நொடியில் நால்வரும் நான்கு வீடுகளில் இருப்பார்கள். சேர்ந்து வெளியே நடந்து, விட்ட பேச்சைத் தொடர வழியில்லை. இடையே ஓர் எச்சரிக்கையும் தேவை. பிரக்ஸ், லெவாவ் சோதித்தது காணொளியை. பார்வை ஒரே திரையில் குறுகுவதுதான் யோசனைகளையும் குறுக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். நடந்து திரியவும் குழுவாகப் பிரியவும் இடம் தரும் மெய்நிகர் உலகுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராய வேண்டியது.

இடம் யாருடையது: ஜார்ஜ்டவுன் காட்டுவது

இதுவரை பார்த்த இரு தரப்பும் ஒரு விஷயத்தைத் தொடாமல் சென்றன. கூடும் இடத்தை மூடும் அதிகாரம் யாருக்கு? ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற மெய்நிகர் கூடுவெளியின் கதை இதற்குப் போதிய விளக்கம். பணமுடையால் 2017இல் மூடப்போவதாக அறிவித்த அதை அவ்வாண்டே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் பேர்னிங் மேன் விழாவின் ஒரு பகுதி உட்பட எத்தனையோ கூடல்கள் அங்கே நடந்தன. 2023 மார்ச் 10 அன்று அது நிரந்தரமாக மூடப்பட்டது. கூகுளின் லைவ்லி 2008இல் தொடங்கி அதே ஆண்டில் முடிந்தது. மொசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே மாத இறுதியில் நிறுத்தியது. மூடியது நிறுவனம், கூடியவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மாநாட்டின் உரைகளை வேறிடத்தில் சேமித்திருக்கலாம். ஆனால் மக்கள் பழகிய மண்டபம், அங்கே இருந்த நண்பர் பட்டியல், அடுத்த ஆண்டு வந்து சேரவேண்டிய முகவரி எல்லாம் ஒரே நாளில் போயின.

இதன் எதிர்ப்பக்கத்தை ஜார்ஜ்டவுனில் காணலாம். வெள்ளித் தேர் 1894இல் நகரத்தார் கொண்டுவந்தது. அது கிளம்பும் கோவில் வீடும் சென்றடையும் தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலும் அவர்கள் உடைமை. மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோவில், 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2017 முதல் அங்கே தங்கத் தேரும் ஓடுகிறது. தமிழ் முஸ்லிம்களுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அதன் வக்பு நிலங்களும், ஹொக்கியன் சீனர்களுக்குக் கூ கொங்சி போன்ற குலமன்றங்களும் அப்படியே அமைந்தன. விழா ஓராண்டு நின்றபோதும் இடமும் தேரும் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். அதனால் தொடர முடிந்தது.

உடைமை இல்லாதவர்களுக்கு இதே நகரில் என்ன நேர்ந்தது என்பதும் தெரியும். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் பழைய கடைவீடுகளில் பலர் குறைந்த வாடகையில் வாழ்ந்தார்கள். 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000 தொடக்கத்தில் பாதுகாப்பு முற்றாக விலகியது. வாடகை உயர, கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் எளிய குடும்பங்களும் நகர்மையத்தை விட்டு வெளியேறினார்கள். கட்டடங்கள் நின்றன, அவற்றில் கூடிய அண்டை அயலார் கலைந்தார்கள். உடலோடு, ஒரே தெருவில், தலைமுறைகளாகக் கூடியிருந்தும் அவர்களை அது காப்பாற்றவில்லை. மெய்நிகர் உலகில் இன்று கூடுவோரில் பெரும்பாலோர் ஏறத்தாழ அந்தக் குடக்கூலிக்காரர்களின் நிலையில்தான் இருக்கிறார்கள்.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். செகண்ட் லைஃப் 2003 முதல் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தும் இருபதாண்டுகளைத் தாண்டி இயங்குகிறதே என்பது முதலாவது. உண்மைதான். தனியார் உடைமை என்றாலே குறுகிய ஆயுள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அங்கே நிலைத்தவர்கள் நிலம் வாடகைக்கு எடுத்து, கட்டடம் எழுப்பி, வணிகம் செய்து, ஓரளவு உரிமை பெற்றவர்கள். அந்த உரிமையே அவர்களைத் தங்கவைத்திருக்கலாம். நிறுவனம் முடிவெடுத்தால் அதுவும் போய்விடும் என்ற நிலை மாறவில்லை.

சமூக உடைமை என்பது விடுதலை ஆகிவிடாது, அறக்கட்டளைகளிலும் சங்கங்களிலும் பதவிச் சண்டையும் சாதி வேற்றுமையும் பெண்களை ஒதுக்குவதும் உண்டு என்பது இரண்டாவது. இதை முழுமையாக ஏற்கவேண்டும். குலமன்றம் குலத்தவரையே சேர்த்தது. கோவில் நிர்வாகங்களில் பெண்களின் குரல் நெடுங்காலம் குறைவு. மெய்நிகர் வெளியும் இதிலிருந்து விலக்கல்ல. மெட்டாவின் மெய்நிகர் வெளியான ஹொரைசன் வேர்ல்ட்ஸில் பெண் பயனர்கள் அத்துமீறலைப் புகார் செய்தபின், 2022 பிப்ரவரியில்தான் அவதார்களுக்கிடையே கட்டாய இடைவெளியை மெட்டா கொண்டுவந்தது. வேறுபாடு இதுதான்: சமூகத்துக்குச் சொந்தமான அமைப்பில் வழக்காடவும், கணக்குக் கேட்கவும், தேர்தலில் தோற்கடிக்கவும் வழியிருக்கிறது. நிறுவனத்தின் வெளியில் புகார் எழுதலாம், அல்லது வெளியேறலாம்.

யார் செலவு செய்வது என்பது மூன்றாவது. ஓப்பன்சிமுலேட்டர் மென்பொருளுக்கு விலையில்லை. அதன் மாநாட்டைத் தன்னார்வலர்களே நடத்துகிறார்கள். மொசில்லா விலகியபின் ஹப்ஸின் திறந்த மூல நிரலைப் பயனர் சமூகம் எடுத்துத் தொடர்ந்தது. எனவே இது நடக்காத காரியமல்ல. ஆனால் வழங்கியைப் பராமரிக்கும் உழைப்பு ஆண்டு முழுவதும் தேவை. தலையில் அணியும் கருவியோ 2023இல் மலேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைவிட விலை கூடியது. மெட்டாவின் குவெஸ்ட் 3 அப்போது 499 டாலர், சம்பளம் 1,500 ரிங்கிட். ஆகவே சாதாரணக் கைப்பேசியிலும் கணினியிலும் நுழைய முடியாத எந்த மெய்நிகர் மண்டபமும், விசாவுக்குப் பதில் வேறொரு வாயிற்காவலரை நிறுத்தியதாகவே முடியும்.

இன்னும் திறந்திருப்பவை

முடிவாகச் சொல்லத்தக்கவை சில உண்டு. நேர்த்திக்கடன் போல உடலே பொருளாக அமைந்த கூடலை மெய்நிகர் உலகம் ஏற்றுக்கொள்ள முடியாது. அதை முயல்வதால் பயனுமில்லை. அறிவைப் பரப்பும் கூடலில் இணையவழிக்கு உள்ள மேம்பாடு வலுவான சான்று கொண்டது. வரமுடியாதவரை வெளியே நிறுத்திவிட்டு நேரில் மட்டுமே நடத்துவதற்கு இனிக் காரணம் சொல்லவேண்டிய பொறுப்பு நடத்துபவருடையது. புதிய உறவும் புதிய எண்ணமும் தேடும் கூடலில் நேர்ச்சந்திப்பின் பக்கம் தராசு சாய்கிறது. எந்த வகையானாலும், நீடித்த கூடலுக்குப் பின்னால் கூடுவோருக்குப் பொறுப்பான ஓர் அமைப்பு இருப்பதையே பினாங்கின் விழாக்களும் தமிழ் இணைய மாநாடுகளும் காட்டுகின்றன.

விடை கிடைக்காதவையும் உண்டு. உடைமையும் நீடிப்பும் சேர்ந்து காணப்படுவதால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. உறுதியான சமூகங்கள்தாம் இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வல்லமை பெறுகின்றன என்றும் வாதிடலாம். காணொளிக்கும் மெய்நிகர் உலகுக்கும் உள்ள வேறுபாட்டை நீண்டகால அளவில் பிரித்தளந்த ஆய்வுகள் போதவில்லை. பெற்றோர் தோளில் இருந்து தேரைப் பார்க்கும் குழந்தை பெறுவதை, மெய்நிகர் விழாவில் வளரும் குழந்தையும் பெறுமா என்பதற்கு இன்னொரு தலைமுறை கடந்தால்தான் விடை தெரியும். நடந்து முடிந்த முப்பரிமாணக் கூடலை எப்படி ஆவணப்படுத்துவது என்பதற்கும் உறுதியான வழக்கம் ஏற்படவில்லை.

இத்தனை ஐயங்களுக்கு நடுவிலும் தமிழ் அமைப்புகள் காத்திருக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரில் கூடுவது, இடைக்காலத்தில் திறந்த மூல வெளியில் சந்திப்பது, உறுப்பினர் பட்டியலையும் ஆவணங்களையும் எந்த நிறுவனத்திடமும் ஒப்படைக்காமல் தாமே காப்பது ஆகிய மூன்றும் இன்றே கைக்கெட்டுபவை. பிற்கால ஆய்வு உடல் தேவை என்று முடித்தாலும், தேவையில்லை என்று முடித்தாலும், இந்த ஏற்பாட்டால் இழப்பு இல்லை. இடத்தின் உரிமையைக் கைவிட்டவர்களுக்கோ, அந்த முடிவு எதுவாக இருந்தாலும், அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடுமிடமே மிஞ்சாமல் போகலாம்.